பெரிய ரீல் போட்டால் தூண்டில் தூரம் போகுமா?

கரையில் நின்று கடலுக்குள் தூண்டில் வீசும் நீளமான கம்புதான் சர்ஃப் ராடு; நரம்பை (தூண்டில் நூலை) சுற்ற அதில் மாட்டும் கருவிதான் ரீல். "எந்த சர்ஃப் ராடுக்கும் 10000 சைஸ் ரீல் போடுங்கள், அதுதான் தூரம் போகும்" என்று சிலர் சொல்வது தவறு. அகலமான ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) கொஞ்சம் உதவும், உண்மைதான். ஆனால் ராடுக்கு ஏற்ற ஈய எடையும் நரம்பின் தடிமனும் அதைவிட முக்கியம். ஸ்பூல் விளிம்புக்கு ஏறக்குறைய 2 மி.மீ. கீழே வரை நரம்பு நிறைந்திருக்க வேண்டும். பாதி காலியாக இருந்தால் நரம்பு விளிம்பில் உரசி, பெரிய ரீலிலும் தூரம் குறையும். 9 அடி ராடுக்கு 4000-5000 சைஸ் ரீல், 11-12 அடிக்கு 6000-8000 பெரும்பாலும் போதும். 10000-ஐ 9 அடியில் மாட்டினால் கை வலிதான் மிச்சம். புதிதாக வருபவர்கள் பாவம். அப்புறம், இந்த சைஸ் எண் எல்லா கம்பெனிக்கும் ஒரே அளவு இல்லை. ரீலின் எடை, எத்தனை மீட்டர் நரம்பு பிடிக்கும் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.