என்ஜின் பின்னால் போனால் என்ன?

செவ்ரலேயின் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் எட்டாம் தலைமுறையில், அதுவரை முன்னால் இருந்த என்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் போனதால் அது கார்வெட்டே இல்லை என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. என்னால் ஏற்க முடியவில்லை. கார்வெட்டை வளர்த்தெடுத்த பொறியாளர் சோரா ஆர்கஸ்-டன்டாவ் 1960-களிலேயே ஆசைப்பட்டது இந்த அமைப்புக்குத்தான். இந்தத் தலைமுறையின் அடிப்படை மாடலான ஸ்டிங்ரே 2020-ல் வந்தபோது அதில் இருந்ததும் பழைய கார்வெட்களின் அதே பாணி 6.2 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் என்ஜின்), அப்போதும் புஷ்ராடு (தண்டுகளால் வால்வுகளைத் திறக்கும் பழைய முறை), டர்போ கிடையாது.

சரி, அழகு என்று வந்தால் அதே பெயரில் வந்த பழைய 1963 ஸ்டிங்ரே கூப்பேயை (நிலையான கூரை கொண்ட இரு கதவு மாடல்) எதுவும் நெருங்காது. பின்கண்ணாடியை இரண்டாகப் பிரிக்கும் அந்த நடுத்தண்டு ஒரே வருடம்தான் வந்தது. பின்பார்வையை மறைக்கிறது என்று டன்டாவுக்கே அது பிடிக்கவில்லை. ஆனாலும் என்ன ஒரு கோடு! எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் சுகத்தைப் புதியதில் அடியோடு எடுத்துவிட்டார்கள்.