முருகனுக்கு 48 நாள், எனக்கு 42 நாள்

போன வாரம் ராத்திரி 11.30 மணிக்கு ஒரு மெசேஜ். சொந்தக்காரப் பொண்ணு. "அக்கா தூங்கிட்டீங்களா"ன்னு ஆரம்பிச்சா, அப்புறம் டைப் பண்றா அழிக்கிறா, டைப் பண்றா அழிக்கிறா, நானும் படுத்துக்கிட்டே அந்த மூணு புள்ளிய பாத்துக்கிட்டே இருக்கேன், கடைசியில ஒரே வரி வந்துச்சு. "நாளையோட ஆறு வாரம் முடியுதுக்கா, அவரு காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்காரு, எனக்கு பயமா இருக்கு."

என்ன ஆறு வாரம்னு அவ சொல்லல, நானும் கேக்கல. ஏன்னா அவ பண்ணிக்கிட்ட அதே ஆபரேஷன் நாலு வருஷத்துக்கு முன்னாடி நானும் பண்ணிக்கிட்டேன், குடும்பத்துல அது தெரிஞ்ச ரெண்டு மூணு பேர்ல அவளும் ஒருத்தி. லேபியாபிளாஸ்டின்னு பேரு. பெண்ணுறுப்போட உள் உதட்ட வெட்டிச் சின்னதாக்குறது. அதுக்கப்புறம் ஆறு வாரம் உடலுறவு கூடாதும்பாங்க, அவ வீட்டுக்காரர் எண்ணினது அதத்தான். இத முகநூல்ல எழுதுறியான்னு சிலர் முகம் சுளிப்பீங்க, சுளிச்சுக்கோங்க, கர்ப்பப்பைய எடுத்தத கல்யாண வீட்டு பந்தியில உக்காந்து சத்தமா பேசுற ஊர்தானே நம்ம ஊரு. அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுதுங்கக்கா, எம் பேர மட்டும் போடாதீங்க"ன்னா.

ஏன் பண்ணினன்னு முதல்ல கேப்பீங்க, அத சீக்கிரம் முடிச்சுடறேன். பாதி தொந்தரவு, பாதி மனசு. ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் இங்க சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட்ல சைக்கிள் ஓட்டினா உரசி எரியும், டைட்டா ஜீன்ஸ் போட முடியாது, அது நிஜம். ஆனா கண்ணாடியில பாத்து அசிங்கமா இருக்குன்னு நினைச்சதும் நிஜம், அத மறைக்க மாட்டேன். அப்ப எனக்கு தெரியாத ஒரு விஷயம், 2005ல லண்டன்ல 50 பெண்கள அளந்து பாத்திருக்காங்க, உள் உதட்டோட அகலம் ஒருத்தருக்கு 7 மில்லிமீட்டர், இன்னொருத்தருக்கு 50 மில்லிமீட்டர், நீளம் 20லேர்ந்து 100 வரைக்கும். அத்தனையும் சாதாரணம். மூக்கு மாதிரிதான், ஒவ்வொருத்தருக்கு ஒண்ணு. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பேனான்னு கேட்டா, சைக்கிளுக்காக பண்ணியிருப்பேன், கண்ணாடிக்காக பண்ணியிருக்க மாட்டேன். அழகுக்கான ஆபரேஷனுக்கு மெடிசேவ், அதாவது சம்பளத்துல பிடிக்கிற மருத்துவச் சேமிப்பு, கிடையாது, கைக்காசுதான், ஆபீஸ்லயும் எம்.சி., அதான் டாக்டர் தர்ற மெடிக்கல் லீவு, கேக்காம வருஷ லீவ எடுத்துக்கிட்டேன்.

மாமியார்கிட்ட "கட்டி ஒண்ணு எடுத்தாங்க"ன்னு சொல்லியாச்சு. அவங்க எந்த இடத்துல கட்டின்னு ஒரு வார்த்த கேக்கல, மறுநாள் காலையில தேக்கா மார்க்கெட்டுக்கு போயி உயிரோட விரால் மீன் வாங்கிட்டு வந்து, இஞ்சி மிளகு தட்டிப் போட்டு சூப் வச்சு கட்டில் பக்கத்துல கொண்டுவந்து வச்சாங்க. இந்த ஊர்ல தமிழர், மலாய்க்காரங்க, சீனர் எல்லாருக்கும் ஆபரேஷன்னா விரால்தான். புண் அதால ஆறிச்சோ இல்லையோ, புரதம் உடம்புக்கு நல்லது, அந்தம்மா கேள்வி கேக்காதது அதவிட நல்லது.

முதல் மூணு நாள் வீக்கம் இருக்கே, யாரும் முன்னாடியே காட்டியிருக்க மாட்டாங்க. சின்னதாக்கத்தானே போனோம், இது என்ன ரெண்டு மடங்கா இருக்குன்னு அழுதேன். அது அப்படித்தான் இருக்கும், மெல்ல வத்தும். ஐஸ் பேக்க நேரா வைக்கக்கூடாது, துண்டுல சுத்தி பத்து பதினஞ்சு நிமிஷம், அப்புறம் எடுத்துடணும். ஒன்னுக்கு போறப்ப எரியும், அதுக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல வெதுவெதுப்பான தண்ணி வச்சுக்கிட்டு போகும்போதே மேல ஊத்திக்கிட்டே போனா எரிச்சல் பாதியா குறையும், டாய்லெட்டுல மாட்டியிருக்கிற ஸ்ப்ரேய அப்ப தொடாதீங்க, அந்த வேகம் தையலுக்கு ஆகாது. துடைக்கக்கூடாது, ஒத்தி எடுக்கணும், முன்னாடியிலேர்ந்து பின்னாடி. இன்னொண்ணு மலச்சிக்கல். வலி மாத்திரையில கோடீன் இருந்தா கட்டிக்கும், முக்கினா தையல் இழுக்கும், அதனால மாத்திரை ஆரம்பிக்கும்போதே பப்பாளியும் தண்ணியும் ஆரம்பிச்சிடுங்க, தேவைப்பட்டா டாக்டர்கிட்ட லாக்டுலோஸ் சிரப் கேளுங்க. ரெண்டாவது மூணாவது வாரத்துல தையல் கரைய ஆரம்பிக்கும், அரிக்கும் பாருங்க, மீட்டிங்ல உக்காந்திருக்கேன், மேனேஜர் ஏதோ கணக்கு சொல்றாரு, எனக்கு முருகா முருகான்னு இருக்கு.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன்.

எனக்கு கொடுத்த தாள்ல "6 வாரத்துக்கு உடலுறவு, டேம்பன் (மாதவிலக்குக்கு உள்ள வைக்கிற பஞ்சு), நீச்சல், சைக்கிள் கூடாது"ன்னு ஒரு வரி. அவ்ளோதான். ஏன் ஆறு, ஆறு முடிஞ்சா என்ன, ஒண்ணுமே இல்ல. நானும் அத பால் பாக்கெட்டுல போட்டிருக்கிற தேதி மாதிரிதான் எடுத்துக்கிட்டேன். அஞ்சாவது வாரத்துல தீபாவளி. லிட்டில் இந்தியா விளக்கெல்லாம் பாத்துட்டு, பிள்ளைங்க தூங்கினதுக்கப்புறம், சந்தோஷமா இருந்தோம், வலியே இல்ல, வீக்கமும் வத்தியாச்சு, இன்னும் ஒரு வாரம்தானே என்ன ஆகிடப்போகுதுன்னு நான்தான் சொன்னேன். அவரு சொல்லல, நான் சொன்னேன், அதனால அவர யாரும் திட்டாதீங்க.

சுருக்குனு ஒரு வலி. அப்புறம் பேட்ல ரத்தம். மறுநாள் கைக்கண்ணாடி வச்சு பாத்தா ஒரு பக்கம் கீழ் ஓரத்துல அரை சென்டிமீட்டர் அளவுக்கு தையல் போட்ட இடம் பிரிஞ்சு சிவப்பா இருக்கு. தீபாவளி முறுக்கு டப்பாவ ஆபீஸுக்கு எடுத்துட்டு போக வேண்டிய நாள், கிளினிக்ல கால விரிச்சு படுத்திருக்கேன். டாக்டர் திட்டல. இப்ப திரும்ப தைக்க முடியாது, வீங்கின சதையில தையல் நிக்காது, தானா ஆற விடணும், அப்படியே சரி பண்ணணும்னாலும் பல மாசம் கழிச்சுத்தான்னாங்க. ஆறு வாரக் கணக்கு முதல்லேர்ந்து.

அன்னிக்குத்தான் "ஏன் ஆறு வாரம்"னு வாயத் தொறந்து கேட்டேன். புண் மேல மூடிக்கிட்டா ஆறிடுச்சுன்னு நாம நினைக்கிறோம், ஆனா உள்ள நார் மாதிரி ஒண்ணு மெல்ல மெல்ல பின்னிக்கிட்டு வருதாம். பொதுவா வெட்டித் தைச்ச தோலுக்கு மூணாவது வாரத்துல பழைய பலத்துல கால்வாசிதான் இருக்குமாம், ஆறு வாரத்துல ஏறக்குறைய பாதி, மூணு மாசத்துல எம்பது சதவீதம், நூறுக்கு எப்பவும் திரும்பாது. அப்ப 42வது நாள்ங்கறது கதவு தொறக்குற நாள் கிடையாது, அதுக்கு முன்னாடி தட்டவே தட்டாதீங்கன்னு சொல்ற நாள். சர்க்கரை இருக்கிறவங்களுக்கும் சிகரெட் பிடிக்கிறவங்களுக்கும் இன்னும் மெதுவா ஆறும், நம்ம குடும்பங்கள்ல சர்க்கரை இல்லாத வீடு எது சொல்லுங்க. இன்னொண்ணும் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, முதல் சில வாரம் உடலுறவு மட்டுமில்ல, பாலுணர்வுக் கிளர்ச்சியும் கூடாது, அந்த இடத்துக்கு ரத்தம் ஏறும், வீங்கும், தையல் இழுக்கும். வாய் வழியா செய்றதும் சேத்துத்தான் கூடாது, கிருமி. இத எந்தத் தாள்லயும் போட மாட்டேங்கறாங்க, நம்மளும் வெக்கப்பட்டுக்கிட்டு கேக்க மாட்டேங்கறோம்.

டிசம்பர் நடுவுல திரும்ப போனேன், ஆறிடுச்சு, மெதுவா ஆரம்பிக்கலாம்னாங்க. டாக்டர் சரின்னுட்டாங்க, எனக்கு சரியில்ல. நினைச்சாலே தொடை இறுகுது. இவர்கிட்ட எப்படி சொல்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். மூணாவது நாள் அவரே வந்து, "தைப்பூசம் வருதுல்ல, அடுத்த வாரம் விரதம் ஆரம்பிக்கிறேன்"னாரு.

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. வருஷா வருஷம் காவடி எடுக்குற மனுஷன். 48 நாள். ஹால்ல பாய் போட்டு படுத்துப்பாரு, கறி மீன் கிடையாது, பொண்டாட்டி பக்கம் வர மாட்டாரு, வீட்டுல ஒருத்தர் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க, கூட்டாளிங்களும் கிண்டல் பண்ண மாட்டாங்க, மாமியார் தனிப் பாத்திரத்துல சமைச்சுப் போடுவாங்க. யாருக்கும் அது கஷ்டமாவே தெரியாது. எங்க உடம்பு வெட்டித் தைச்சு கிடக்கும்போது 42 நாள்னா மட்டும் காலண்டர்ல வட்டம் போட்டு எண்ணுறாங்க, "எப்ப முடியும்"ங்கறாங்க. ஆம்பளைங்களால இருக்க முடியாதுன்னு யார் சொன்னது? தைப்பூசத்தன்னிக்கு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும் போயி நில்லுங்க, இருக்க முடிஞ்ச ஆம்பளைங்க வரிசையா வருவாங்க.

கிண்டலா சொன்னாலும் அந்த 48 நாள்தான் என்ன சரி பண்ணிச்சு, இது நிஜம். யாரும் எதிர்பாக்கல, யாரும் எண்ணல. நான் குளிக்கும்போது சுத்தமான விரலால தழும்ப தொட்டுப் பாப்பேன், முதல்ல கயிறு மாதிரி கெட்டியா இருந்துச்சு, போகப் போக இளகிச்சு. தொட்டா வலிக்குமோங்கற பயமும் அதோட சேந்து இளகிச்சு. தைப்பூசத்தன்னிக்கு நானும் பால்குடம் எடுத்தேன், அவ்ளோ தூரம் வெறுங்கால்ல நடந்தும் தொடையிடுக்குல எரிச்சல் இல்ல, ரெண்டாவது பிள்ளை பொறந்ததுக்கு அப்புறம் அதான் முதல் தடவ.

அதுக்கப்புறம் நாங்க ஆரம்பிச்சப்ப என்ன பண்ணினோம்னு அவளுக்கு எழுதினத இங்கயும் எழுதுறேன், கூச்சப்படறவங்க தாண்டிப் போயிடுங்க. முதல் நாளே முழுசா போகணும்னு ஒண்ணும் சட்டம் இல்ல, தொட்டுக்கிட்டு படுத்திருந்ததோட ரெண்டு மூணு நாள் போச்சு. லூப்ரிகன்ட், அதாவது வழுவழுப்புக்கு தடவுற ஜெல், கட்டாயம் வேணும், தண்ணியில செஞ்சது, வாசனை இல்லாதது, கார்டியன், வாட்சன்ஸ் மருந்துக் கடையிலயே கிடைக்குது, காசு கொடுக்குற பொண்ணு உங்கள ஏறெடுத்துக்கூட பாக்க மாட்டா. சமையல்கட்டு தேங்காய் எண்ணெய எடுக்காதீங்க, ஆணுறை போடறவங்க அறவே எடுக்காதீங்க, எண்ணெய் பட்டா லேடெக்ஸ் கிழியும். நீங்க மேல இருங்க, எவ்ளோ, எவ்ளோ வேகம்ங்கறது உங்க கையில இருக்கும். லேசா இழுக்குற மாதிரி இருக்கும், அது பரவால்ல. சுருக்குனு குத்தினா நிறுத்திடணும், பல்லக் கடிச்சுக்கிட்டு முடிச்சுடலாம்னு நினைக்காதீங்க. ஒரு தடவ பல்லக் கடிச்சா அடுத்த தடவ உடம்பு தானா இறுகிக்கும், அப்புறம் புண்ணே இல்லாம வலிக்கும். மூணு மாசம் ஆகியும் வலின்னா அது மனப்பிரம்மைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இடுப்படித் தசைக்குன்னே பிசியோதெரபி இருக்கு, கேட்டு வாங்குங்க.

காய்ச்சல் 38க்கு மேல போனா, கெட்ட வாடை வந்தா, வலி குறையாம நாளுக்கு நாள் கூடினா, திடீர்னு ஒரு பக்கம் மட்டும் பந்து மாதிரி வீங்கினா, ஒரு மணி நேரத்துல ஒரு பேட் நனைஞ்சா, "நாளைக்கு காலையில பாப்போம்"னு படுக்காதீங்க. கேகே பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில பெண்களுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இருக்கு, ராத்திரி 2 மணியா இருந்தாலும் டாக்சி எடுங்க. அங்க போயி கட்டி எடுத்தாங்கன்னு கத சொல்லாதீங்க, என்ன ஆபரேஷன், என்னிக்கு பண்ணினது, அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க. பொய் மாமியாருக்கு மட்டும் போதும்.

அன்னிக்கு ராத்திரி அவளுக்கு போன் போட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். "அவர்கிட்ட என்னன்னு சொல்றதுக்கா"ன்னு திரும்பத் திரும்ப கேட்டா. "எனக்கு இன்னும் ஆறலைங்க"ன்னு சொல்லு, டாக்டர் சொன்னாங்கன்னு கூட சொல்ல வேணாம், உனக்கு ஆறலன்னா ஆறலன்னேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு போட்டோ அனுப்பினா. காலண்டர். வட்டத்த பேனாவால அடிச்சு, பக்கத்துல அவரு கையெழுத்துல "அவ சொல்றப்போ"ன்னு இருக்கு. நல்ல பையன்தான், பாவம், அவனுக்கும் யாரும் சொல்லித் தரல.

எந்த டாக்டர், எவ்ளோ வெள்ளி ஆச்சு, போட்டோ இருக்கான்னு யாரும் இன்பாக்ஸ்ல வராதீங்க, சொல்ல மாட்டேன். விரால் சூப்புக்கு மிளகு எவ்ளோ போடணும்னு கேட்டீங்கன்னா மாமியார்கிட்ட கேட்டு சொல்றேன்.