பசுப்பாலும் தண்ணியும் பூனைக்குட்டிக்குச் சரிவராது

தாயில்லாத, புதுசாப் பிறந்த பூனைக்குட்டிக்குப் பால் குடுக்கிறதைப் பற்றி ஒருத்தர் "பசுப்பாலுக்குச் சரிபாதி தண்ணி விட்டு, குட்டியை மல்லாத்திப் பிடிச்சுப் பருக்குங்கோ" எண்டு எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ. தாய்ப்பூனையின்ர பாலில புரதம் பசுப்பாலைவிட ஏறக்குறைய இருமடங்கு. தண்ணி விட்டால் உள்ள சத்தும் பாதியாகிடும், பசுப்பாலில இருக்கிற லக்டோஸ் எண்ட சீனியால வயித்தாலயும் போகும். அவ்வளவு சின்ன உடம்பு, கெதியா நீர் வத்திப்போகும். பூனைக்குட்டிக்கெண்டே விக்கிற பால்மாதான் வேணும்.

மல்லாத்தினால் பால் சுவாசப்பைக்குள்ள இறங்கும். தாயிட்டக் குடிக்கிற மாதிரிக் குப்புறப் பிடிச்சு, ஊசி கழட்டின சிரிஞ்சால துளித்துளியா விடுங்கோ. 100 கிராம் குட்டிக்கு ஒருக்கா 4 மில்லிலீற்றர். முதல் கிழமை 2-3 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, இரவிலயும்தான்.

குட்டி குளிர்ந்திருந்தால் எந்தப் பாலும் செமிக்காது. எங்கட ஊர் வெக்கைதானே எண்டு விட்டிடாதேங்கோ. மாரி மழையில சீமெந்துத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். சுடுதண்ணிப் போத்திலைத் துவாயால சுத்திப் பக்கத்தில வையுங்கோ. வயிறு சூடாகின பிறகுதான் பால்.

குடிச்ச உடன, இளஞ்சூட்டுத் தண்ணியில நனைச்ச பஞ்சால பின்பக்கத்தைத் தடவி விடுங்கோ. மூண்டு கிழமை வரைக்கும் மூத்திரம் தானாப் போகாது. ஒவ்வொரு நாளும் நிறுங்கோ: 10 கிராமாவது ஏற வேணும். ஏறாட்டி அண்டைக்கே மிருகவைத்தியரிட்டக் கொண்டு போங்கோ.