சேர்வராயன் கல்லும் என் மகளின் மாத்திரையும்

போன மாதம் எங்கள் சபை வாலிபர்களுக்கு ஏற்காட்டில் இரண்டு நாள் ரிட்ரீட். சமையல் மேற்பார்வைக்கு நானும் போயிருந்தேன். ஐம்பத்தெட்டு வயசுக்கு மேல் வாலிபர் கூட்டத்தில் அதுதான் கிடைக்கிற ஊழியம். பேச வந்தவர் வெளியூர்க்காரர், இளைஞர், நல்ல பேச்சு. பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார், அழவும் வைத்தார். சனிக்கிழமை மதியக் கூட்டத்தில் வாசலில் கிடந்த ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "இந்தக் கல்லுக்குப் பல கோடி வயசுன்னு உங்க புத்தகத்துல போட்டிருக்கு. இது பொறந்தப்ப பக்கத்துல நின்னு பார்த்தது யாரு?" பிள்ளைகள் கை தட்டினார்கள். "ஒரு கையில வேதம், ஒரு கையில விஞ்ஞானம். எதை விசுவாசிக்கப் போறே?" என்று முடித்தார்.

நான் வெங்காயம் உரித்த கையோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் ஒரு பெண் பிள்ளை பாத்திரம் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து, "அங்கிள், நான் பி.எஸ்சி. ஜியாலஜி எடுத்திருக்கேன். தப்பா?" என்று கேட்டது. "தப்பெல்லாம் இல்லம்மா, நல்லாப் படி" என்று மட்டும் சொன்னேன். சாம்பார் அடுப்பில் இருந்தது. அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய முழுப் பதில் இன்னும் பாக்கி. இது அதற்காகத்தான். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கல். முப்பது வருஷம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்து ஆய்வகத்தில் கல்லைப் பொடித்து, சுட்டு, எடை போட்டவன் நான். கல்லைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்கு வீட்டு ஆளைச் சொன்ன மாதிரி இருக்கும்.

அவர் கையில் இருந்தது சார்னோக்கைட். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி அதுதான். உடைத்த முகத்தைப் பார்த்தால் கருத்த சாம்பல் நிறத்தில் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். பேர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகை. அது போனது நம்ம சென்னைப் பக்கத்திலிருந்து. தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-ல் அந்தக் கல்லறைக்காரர் பேரையே கல்லுக்கு வைத்துவிட்டார். பரங்கிமலையும் பல்லாவரமும்தான் இந்தக் கல்லின் தாய்வீடு. பரங்கிமலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

நம்ம மலையின் சார்னோக்கைட்டுக்குச் சுமார் 250 கோடி வயசு. யார் பக்கத்தில் நின்று பார்த்தது? யாரும் இல்லை. கல்லுக்குள் சிர்க்கான் என்று மணலைவிடச் சின்னப் படிகங்கள் இருக்கும். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அனேகமாக விடவே விடாது. உள்ளே போன யுரேனியம் காலப்போக்கில் ஈயமாகிக்கொண்டே இருக்கும். யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு. எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயசு தெரிந்துபோகும். பீடத்து மெழுகுவத்தி எவ்வளவு உருகியிருக்கிறது என்று பார்த்து, கோயில் பிள்ளை எத்தனை மணிக்கு ஏற்றியிருப்பார் என்று நாம் சொல்லவில்லையா? அதே கணக்குதான், தராசு மட்டும் பெரிசு.

அப்படியானால் பூமிக்கு ஆறாயிரம் வருஷம்தான் என்று நம்ம ஆட்களில் சிலர் சொல்கிற கணக்கு எங்கிருந்து வந்தது? அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வேதத்தில் இருக்கிற வம்ச வரலாறுகளையும் அன்றைய சரித்திரத்தையும் கூட்டிப் பார்த்து, 1650-ல் படைப்பு நடந்தது கி.மு. 4004 என்று எழுதினார். அவரைக் கேலி செய்ய மாட்டேன். கையில் இருந்ததை வைத்து ஒரு பண்டிதர் போட்ட நேர்மையான கணக்கு அது. ஆனால் ஞாயிறுதோறும் எழுந்து நின்று "வானத்தையும் பூமியையும் படைத்த சர்வ வல்லமையுள்ள பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறேன்" என்று சொல்கிறோமே, அதில் தேதி எங்கே இருக்கிறது? ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின் ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதும்போதே எச்சரித்தார்: வானத்தையும் பூமியையும் பற்றி வெளி ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் நாம் வேதத்தைக் காட்டி உளறினால், உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்று. ஏற்காட்டுக் கூட்டத்தில் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

இது நம்ம ஆட்கள் பக்கம் மட்டும் உள்ள கோளாறும் இல்லை. ஆய்வகத்தில் என்னோடு இருபது வருஷம் வேலை செய்தவர் கறுப்புச்சட்டைக்காரர். 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது இந்தச் சேலத்தில்தான் என்று மாதத்துக்கு ஒரு தரமாவது எனக்குப் பாடம் எடுப்பார். அவர் சொல்வார்: "யோவ் சபைக்காரரே, கேள்வி கேக்காம நம்புறதுக்குப் பேருதான்யா விசுவாசம்." ஏற்காட்டுப் பேச்சாளர் சொன்னதும் அச்சு அசல் இதே. ஒருத்தர் அதைத் திட்டுவதற்குச் சொல்கிறார், இன்னொருத்தர் மெச்சுவதற்குச் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே அகராதியைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த அகராதியோடுதான் சண்டை.

என் மனைவி ஆர்.சி. குடும்பம். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் வார்த்தைச் சண்டை வரும். நிஜமாகவே வார்த்தைக்காக. எங்கள் பைபிளில் 1 கொரிந்தியர் 13 "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று இருக்கும். 1995-ல் அவர்களுக்கு வந்த திருவிவிலியத்தில் அதே இடம் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". எங்களுக்கு இரண்டாவதாக இருக்கிற நம்பிக்கை அவர்களுக்கு முதலாவது. ஒரே வீட்டில் ஒரே வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். அதனால்தானோ என்னவோ, இந்தச் சொல் முதலில் எதைக் குறித்தது என்று தேடுகிற பழக்கம் எனக்கு வந்தது.

எபிரெயத்தில் அது எமுனா. "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்று ஆபகூக்கில் வருவது அந்தச் சொல். அதே சொல் யாத்திராகமம் 17-ல் வருகிற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமலேக்கியரோடு சண்டை. மோசே கையைத் தூக்கினால் ஜெயம், தாழ்த்தினால் தோல்வி. கிழவருக்குக் கை வலிக்கிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்து, ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்பவர் ஒரு பக்கம் கையைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். "அவன் கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரைக்கும் ஒரே நிலையாயிருந்தது." அந்த "ஒரே நிலை"தான் எமுனா. கேள்வி கேட்டதா கேட்கவில்லையா என்ற பேச்சே அங்கே இல்லை. கை வலித்தாலும் இறக்காமல் இருப்பது. அதுவும் தனியாக இல்லை, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு. கிரேக்கத்தில் புதிய ஏற்பாடு சொல்கிற பிஸ்திஸ் என்ற சொல்லிலும் நம்பிக்கையும் உண்மையாயிருத்தலும் சேர்ந்தே இருக்கிறது.

இனி எழுதப்போவது எனக்கு வெட்கமான விஷயம்.

என் மூத்த மகளுக்கு ஐந்து வயசில் வலிப்பு வந்தது. மூளையின் மின்னோட்டத்தைப் பதிகிற இ.இ.ஜி. எடுத்தார்கள். தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள், வீட்டுக்கு வந்து மூன்று தரம் தலை குளித்தும் அந்தப் பிசுபிசுப்பு போகவில்லை. மருந்து கொடுத்தார்கள், காலை ஒன்று, ராத்திரி ஒன்று. எட்டு மாதம் ஒன்றும் வரவில்லை. அப்போது ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனோம். மேடையில் ஜெபித்தார்கள், குழந்தை தலையில் கை வைத்தார்கள், "சுகமாயிட்டா. இனி மருந்து எதுக்கு? மருந்து சாப்பிட்டா நீ விசுவாசிக்கலைன்னு அர்த்தம்" என்றார்கள். மனைவி வேண்டாம் என்றாள். நான்தான் நிறுத்தினேன். மருந்து பாட்டிலை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன். கீழே கொட்டவில்லை என்பதை இப்போது நினைத்தால், எனக்குள்ளேயே எவ்வளவு சந்தேகம் இருந்திருக்கிறது என்று தெரிகிறது.

பதினோராம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. நிற்கவில்லை. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. வண்டிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த கறுப்புச்சட்டைக்காரரைத்தான் எழுப்பினேன். லுங்கியோடு காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, "மருந்தை யார் நிறுத்தச் சொன்னது?" வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும் என்பது அவருக்குப் பாலபாடம். நான் பதில் சொல்லவில்லை. விடியும் வரைக்கும் நண்பர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நான்கு மணிக்கு டீ வாங்கி வந்தார். "எங்கேய்யா உன் கடவுள்?" என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் கேட்டதில்லை.

வேதத்தில் வலிப்பு வந்த பிள்ளையின் அப்பா ஒருத்தர் உண்டு. மத்தேயு "சந்திரரோகி" என்கிறார், "அடிக்கடி தீயிலும், அடிக்கடி ஜலத்திலும் விழுகிறான்." (இது மூளையில் இருந்து வருகிற நோய், மற்ற நோய்களைவிடத் தெய்வீகமானது ஒன்றும் இல்லை என்று கிறிஸ்துவுக்குச் சுமார் 400 வருஷம் முன்னாலேயே கிரேக்க வைத்தியர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். ஊரில் இன்னும் இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறோம்.) மாற்குவில் அந்த அப்பா கண்ணீரோடு சொல்கிறார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரே மூச்சில் இரண்டும். அவர் மனசில் பாதிதான் இருந்தது. மீதிப் பாதியைக் கொண்டுவா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தப் பையனைச் சுகமாக்கினார். அதை நான் விசுவாசிக்கிறவன்தான். ஆனால் அந்த அப்பா கையில் இருந்த மருந்தைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து நிற்கவில்லையே. இருந்த கடைசி வழியையும் பார்த்துவிட்டு வந்தவர் அவர்.

நான் செய்தது எது என்றும் வேதத்திலேயே இருக்கிறது. தேவாலயத்து உப்பரிகை மேல் இயேசுவை நிறுத்தி, "தாழக் குதியும்" என்கிறான் பிசாசு. தூதர்கள் தாங்குவார்கள் என்று சங்கீதம் 91-ஐ ஒப்பிக்கவும் செய்கிறான். பதில்: "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக." பதினோரு நாள் என் மகளை உப்பரிகையில் நிறுத்தி வைத்திருந்தேன். அதற்கு விசுவாசம் என்று பேர் வைத்திருந்தேன்.

ஆய்வகத்துத் தராசை நான் நம்பினேன், ஆனால் வாராவாரம் எடைக்கல் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் நம்பினேன். கருவியை அப்படித்தான் நம்ப வேண்டும். மனைவியை அப்படி நம்பினால் குடும்பம் நடக்காது. கல்லின் வயசும் மருந்தின் அளவும் முதல் வகை. ஆண்டவரை நம்புவது இரண்டாவது வகை. ஒன்றின் சோதனையை மற்றதில் கொண்டுபோய் வைத்தால் இரண்டும் கெடும்.

அதனால்தான் "நாசா விஞ்ஞானிகள் யோசுவாவின் காணாமல் போன நாளைக் கண்டுபிடித்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருவதைச் சபைக் குழுவில் போடாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். யோசுவா சொல்லிச் சூரியன் நின்றதாக வேதத்தில் வருகிற நாளை வைத்துப் பல வருஷமாகச் சுற்றுகிற கட்டுக்கதை அது. பொய் சொல்லாதே என்பதும் கட்டளைதான். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் கணக்குப் போட்டவர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார் ஜார்ஜ் லெமைத்ர். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சாட்சி போலப் பேசியபோது, அதிகம் சங்கடப்பட்டது அந்தப் பாதிரியார்தான். தினம் பூசை வைக்கிறவர் அவர். தன் சமன்பாட்டை ஆண்டவருக்குச் சாட்சிக் கூண்டில் ஏற்ற அவருக்கு மனமில்லை.

உயிர்த்தெழுதலை எந்த ஆய்வகத்திலும் என்னால் நிரூபிக்க முடியாது. என் நண்பர் அதைச் சொல்லிக் காட்டினால் "ஆமாங்க" என்றுதான் சொல்வேன். அதன் மேல்தான் என் முழுப் பாரத்தையும் வைத்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

இப்போது பரங்கிமலை. தோமா கொல்லப்பட்டதாகப் பாரம்பரியம் சொல்கிற மலை. நம்ம மலைக் கல்லின் சொந்தக் கல் அங்கே. தோமா என்றாலே சந்தேகக்காரர், காயத்தில் விரலை விட்டாலொழிய விசுவாசிக்க மாட்டேன் என்றவர். ஞாயிறு பள்ளியில் அவரை எப்போதும் கடைசி பெஞ்சில்தான் உட்கார வைப்போம். ஆனால் யோவான் 11-ஐப் பாருங்கள். யூதேயாவுக்குப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்ற சீஷர்கள் தயங்கும்போது, "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்றவர் இதே தோமா. தப்பிப்போம் என்ற நம்பிக்கை அந்தப் பேச்சில் துளியும் இல்லை. ஆனாலும் கூடப் போகிறார். மோசேயின் கை மாதிரி. அப்புறம் அவர் ஆதாரம் கேட்டபோது, இயேசு "உன் விரலை நீட்டு" என்றுதான் சொன்னார். "காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்" என்ற வசனம் அதற்குப் பிறகு வருகிறது. கையைக் காட்டிய பிறகு.

ஜியாலஜி படிக்கிற பிள்ளைக்கு: அடுத்த முறை ஏற்காடு போகும்போது அடிவாரத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னல் பக்கம் உட்கார். ரோட்டுக்காக வெட்டின இடங்களில் கல் நன்றாகத் தெரியும். சுத்தியல் இருந்தால் ஒரு துண்டு எனக்கும் எடுத்து வா.

மகளுக்கு இப்போது இருபத்தேழு. பதினான்கு வயசில் டாக்டர் சொல்லி மருந்தை மெதுவாகக் குறைத்துப் பார்த்தோம், திரும்ப வந்தது. இப்போதும் ராத்திரி எட்டரைக்கு மாத்திரை. எங்கள் வீட்டில் குடும்ப ஜெபமும் அந்த நேரம்தான். ஜெபத்தின் நடுவில் அவள் போனில் அலாரம் அடிக்கும். யாரும் கண்ணைத் திறக்க மாட்டோம், ஜெபிக்கிறவரும் நிறுத்த மாட்டார். அட்டை கிழிகிற சத்தம் கேட்கும், டம்ளர் வைக்கிற சத்தம் கேட்கும். அப்புறம் அவளும் எங்களோடு சேர்ந்து ஆமென் சொல்லுவாள்.