கிளாமர் என்ற பெண்கள் ஃபேஷன் இதழ் நின்றது வாசகர் குறைந்ததாலா?

மேலே ஒருவர், "பெண்கள் படிப்பதை விட்டுவிட்டார்கள், அதனால்தான் 2019இல் கிளாமர் மூடப்பட்டது" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

நின்றது அமெரிக்கக் கிளாமரின் மாதாந்தர அச்சு இதழ் மட்டும்தான். 2019 ஜனவரி இதழ்தான் கடைசி. இணையத்தில் கிளாமர் தொடர்ந்து வந்தது. அச்சை நிறுத்தும்போது அதன் விற்பனை சுமார் 20 லட்சம் பிரதிகள், அதுவும் சில ஆண்டுகளாகப் பெரிதாகக் குறையாமல். வாசகர் இல்லாத பத்திரிகைக்கு இவ்வளவு விற்பனை எங்கிருந்து வரும்?

அடி விழுந்தது விளம்பரத்தில். இந்த மாதிரி ஃபேஷன் இதழ்களின் சந்தா மிகவும் மலிவு. காகிதம், அச்சு, தபால் செலவுக்கே அது காணாது. மீதியை அழகுசாதன, உடை நிறுவனங்கள்தான் கொடுத்தன. 2007 செப்டம்பர் வோக் இதழை எடுத்துப் பாருங்கள், 840 பக்கம். அதில் 700க்கும் மேல் விளம்பரம்! கட்டுரையைத் தேடிப் பிடிக்கவே பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டும். அந்தப் பணம் கூகுள், ஃபேஸ்புக், அப்புறம் இன்ஸ்டாகிராம் என்று நகர்ந்ததும் அச்சுக் கணக்கு உதைத்தது. இதே வகை இதழ்களில் டீன் வோக் 2017இலும், இன்ஸ்டைல், அல்யூர் இரண்டும் 2022இலும் அச்சை நிறுத்தின.

இதில் வேலை இழந்தவர்களில் எத்தனையோ பேர் பெண் பத்திரிகையாளர்கள். பழியை வாசகிகள் மேல் போடுவது அநியாயம். அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.