தள்ளுபடி சரி, தள்ளுமுள்ளு?

ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்தால் தீபாவளிச் செலவு பாதியாகும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கணக்கு சரிதான், ஆனால் கிடைப்பது பெரும்பாலும் பழைய சரக்கு. ஆடியில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் படுத்துவிடும். தேங்கியதைத் தள்ளிவிடத்தானே தள்ளுபடியே! போன வருடம் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போனோம். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து 2023இல் திறந்த ஆகாய நடைபாதை இருப்பதால் நடப்பது எவ்வளவோ தேவலை. கடைக்குள்தான் மூச்சு முட்டியது. பில் போடவே முக்கால் மணி நேரம். ஒன்றுக்கு ஒன்று இலவசமாக வந்த சட்டை என் அளவே இல்லை, மாற்றித் தரவும் மாட்டார்களாம். வேட்டி, துண்டு, போர்வை என்றால் தாராளமாகப் போகலாம், அதற்கு ஃபேஷனாவது ஒன்றாவது. பட்டுப்புடவைக்கு மட்டும் நாங்கள் புரட்டாசியில், வாரநாள் காலையில்தான் கிளம்புவோம்.