கிளை முறிந்தால் யார் பொறுப்பு?

பழனி மலையில் பட்டா நிலத்து முதுமரங்களை ஊரார் கூடிக் காக்க வேண்டும் என்கிறது அண்மையில் நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் கூட்டத்துக்கு வருகிற ஆள், கிளை முறிந்து விழுகிற அன்றைக்கு வருவாரா? நான் தாண்டிக்குடிப் பக்கம் மூன்று ஏக்கரில் காப்பி போட்டிருப்பவன்.

சட்டம் இல்லாமல் இல்லை. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. சொந்த நிலமே ஆனாலும் மரம் வெட்டக் கலெக்டர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். ஆனால் 'வெட்டாதே' என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. மரத்தை வைத்திருப்பவன் பாடு அவனோடு.

என் எல்லையில் ஒரு பெரிய அத்தி. நாலு பேர் கை கோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும். ஒரு கிளை பக்கத்துக்காரரின் தகரக் கூரைமேல் சாய்ந்திருந்தது. மரத்தையே எடுத்துவிடுங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் அதன் கீழே படுப்பது அவர் பிள்ளைகள். டீக்கடையில் உட்கார்ந்து பேசிப் பேசி, ஏழு குடும்பம் பணம் போட்டு, அனுமதி வாங்கி, அந்த ஒரு கிளையை மட்டும் கயிறு கட்டி இறக்கினோம். அடிமரத்தில் அவர் மிளகுக்கொடி ஏற்றிக்கொள்ளலாம், மிளகு அவருக்கே என்று பேச்சு. இப்போது யாராவது கோடரியோடு வந்தால் முதலில் சத்தம் போடுவது அவர்தான்! (அத்திக்கு வரும் அணில்கள் என் பலாவையும் விட்டுவைப்பதில்லை, அது வேறு கதை.)

காப்பிச் செடிக்கு நிழல் தரச் சில்வர் ஓக் மரம் நட்டாயிற்றே, அந்த நிழல் போதாதா, முதுமரம் எதற்கு என்கிறார்கள் சிலர். நிழல் சரி, பறவை தின்னப் பழம் ஏது?

கட்டுரையாளர் அடுத்த முறை கிளை கழிக்கும் கூலிக் கணக்கையும் சேர்த்து எழுதட்டும்.